சேற்றில் விஷம் உண்டா என்று எப்படிப் பார்த்தார்கள்?

ஆடிக் கடைசியில் பின்பக்க மழைநீர் வாய்க்காலைத் தூர் வாரியது எல்லோருக்கும் நினைவிருக்கும். இரண்டு டிராக்டர் டிப்பர் நிறையக் கருப்புச் சேறு வந்தது. நாற்றம் மூன்றாம் மாடி வரை ஏறியது என்று சி பிளாக்கிலிருந்து புகார்க் கடிதம்கூட வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அந்தச் சேற்றை என்ன செய்வது என்று பேச்சு வந்தபோது, வேலை எடுத்தவர், "வண்டல்தானே சார், தென்னைக்கு அடியில போட்டுடுங்க, உரம் மாதிரி" என்றார். இன்னொருவர் ஏரிக்கரையில் கொட்டிவிடலாம் என்றார். பி பிளாக்கில் வங்கியில் வேலை பார்க்கும் ஒரு அம்மா மட்டும், "அதுல என்ன இருக்குன்னு டெஸ்ட் பண்ணிப் பார்க்க முடியாதா?" என்று கேட்டார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். விலங்கியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு இப்படிச் சில தொல்லைகள் உண்டு.

"பார்க்கலாம்மா. ஆனா நீங்க நினைக்கிற மாதிரி ஒரே சீட்டுல பதில் வராது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அவர் கேட்டது சின்னக் கேள்வி இல்லை. சேற்றைச் சோதிப்பது எப்படி என்று கற்றுக்கொள்ள உலகத்துக்கு முப்பது நாற்பது வருடம் பிடித்தது. அதைக் கற்றுக்கொண்ட இடங்கள் துறைமுகங்களும் கழிமுகங்களும். அந்தக் கதையைத்தான் இந்த இதழின் வரலாற்றுப் பக்கத்துக்கு எழுதுகிறேன். மலையடிவாரத்தில் உட்கார்ந்துகொண்டு துறைமுகத்தைப் பற்றி எதற்கு என்று யாராவது கேட்டால், தண்ணீர் போகும் வழியைக் காட்டுவேன். கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகியும் மணிமுக்தாவும் விருத்தாசலம் பக்கம் போய் வெள்ளாற்றில் கலந்து பரங்கிப்பேட்டையில் கடலைச் சேர்கின்றன. நம் மாவட்டத்திலேயே தொடங்கும் கெடிலம் கடலூரில் கடலைச் சேர்கிறது. நம் வாய்க்கால் எந்தப் பக்கம் சரிந்து ஓடினாலும் கடைசியில் ஒரு கழிமுகத்தில்தான் போய் நிற்கும்.

வண்டல் என்ற சொல்லே நம் காதுக்கு இனிப்பானது. ஏரி வண்டலை வண்டி வண்டியாக அள்ளிக் கொல்லையில் அடித்த தலைமுறை நம்முடையது. இன்றும் கோடையில் ஏரி வண்டலை விவசாயிகள் எடுத்துக்கொள்ள அரசு அனுமதி தருகிறது. மேட்டு நிலத்திலிருந்து அரித்து வந்த நல்ல மண், இலைச் சருகு, சாணம், எல்லாம் சேர்ந்து மட்கியது அது. ஆனால் வண்டலுக்கு நல்லது கெட்டது தெரியாது. களிமண் துகள் மிக மிக நுண்ணியது. ஒரு பிடி களிமண்ணிலுள்ள துகள்களின் மேற்பரப்பை எல்லாம் விரித்துப் போட்டால் நம் மொட்டை மாடி போதாது. அந்தப் பரப்பில் தழைச்சத்தும் ஒட்டும், ஈயமும் ஒட்டும், பாதரசமும் ஒட்டும். எண்ணெயும் பூச்சிமருந்தும் மட்கிய குப்பையோடு சேர்ந்துகொள்ளும். ஆற்று நீரில் தனித்தனியாக மிதந்து வரும் இந்தத் துகள்கள் உப்புநீரைத் தொட்டவுடன் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு, கனத்து, அடியில் உட்கார்ந்துவிடும். அதனால்தான் ஆறு கொண்டுவரும் சரக்கெல்லாம் கழிமுகத்தில் இறங்குகிறது. ஆற்று நீரை இன்று எடுத்துச் சோதித்தால் இன்றைய கணக்கு மட்டும் தெரியும். நேற்று இரவு திறந்துவிட்ட கழிவு இன்று காலை கடலுக்குப் போயிருக்கும். சேற்றில் இருபது வருடக் கணக்கு அடுக்கடுக்காக இருக்கும்.

எண்பதுகளில் பரங்கிப்பேட்டையில் படித்தபோது இதை முதன்முதலாகக் கையால் தொட்டேன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் வெள்ளாற்றின் கரையிலேயே இருக்கிறது. பேராசிரியர் ஆர். வி. சேஷையா அறுபதுகளின் தொடக்கத்தில் வளர்த்தெடுத்த இடம். அதே ஊரில் 1830களில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற வெள்ளைக்காரர் இரும்பாலை வைத்துக் கைப்பொருளை இழந்தார். அது வேறு கதை, இன்னொரு இதழில் பார்க்கலாம். படகிலிருந்து இரண்டு தாடை கொண்ட இரும்புக் கவ்வியைக் கயிற்றில் இறக்குவோம். அடியைத் தொட்டதும் தாடை மூடிக்கொண்டு ஒரு வாய் சேற்றைக் கவ்வி வரும். மேலே ஒரு விரல் தடிமனுக்குப் பழுப்பு நிறம், அதற்குக் கீழே மை போல் கருப்பு, அழுகிய முட்டை நாற்றம். கைலியில் பட்டால் இரண்டு துவைப்புக்கும் போகாது. அந்த நாற்றத்துக்கு இந்தக் கதையில் ஒரு வேலை இருக்கிறது, பின்னால் சொல்கிறேன். "இந்தத் தண்ணி நம்ம ஊர்லேருந்து வருது" என்று நான் பெருமையாகச் சொன்னதற்கு என் நண்பன், "அப்ப இந்த நாத்தமும் உங்க ஊர்லேருந்துதான்" என்றான்.

சேற்றின் விஷம் உலகத்துக்குத் தெரிந்தது ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில். 1956 மே 1 அன்று, அங்கிருந்த சிஸ்ஸோ ரசாயன ஆலையின் மருத்துவமனை இயக்குநர் ஹொசோகாவா ஹாஜிமே, காரணம் தெரியாத நரம்பு நோயோடு சிலர் வந்திருப்பதாகச் சுகாதார நிலையத்துக்குத் தகவல் கொடுத்தார். மீனவக் குடும்பங்கள். அவர்களுக்கு முன்பே அந்த ஊர்ப் பூனைகள் கிறுகிறுத்துச் சுற்றி விழுந்து செத்துக்கொண்டிருந்தன. மீன் தின்பதால் வருகிறது என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. மீனுக்குள் எது போயிற்று என்பதுதான் சண்டை. 1959 ஜூலையில் குமமோட்டோ பல்கலைக்கழகத்தார் அங்கக பாதரசம் என்று சொன்னார்கள். ஆலையின் கழிவு வாய்க்கால் கடலைத் தொடும் இடத்தில் ஒரு டன் சேற்றில் சுமார் இரண்டு கிலோ பாதரசம் இருந்தது. ஆலையோ ஒப்புக்கொள்ளவில்லை.

அப்போது ஹொசோகாவா ஒரு காரியம் செய்தார். ஆலையின் அசிட்டால்டிஹைடு பிரிவிலிருந்து வரும் கழிவுநீரை நேரடியாகப் பூனையின் சாப்பாட்டில் கலந்து கொடுத்தார். ஆய்வுக் குறிப்பில் அந்தப் பூனையின் எண் 400. 1959 அக்டோபரில் அதற்கும் அதே நோய் வந்தது. ஆலை நிர்வாகம் சோதனையை நிறுத்தச் சொன்னது, முடிவை வெளியே விடவில்லை. கழிவு 1968 வரை கடலுக்குப் போய்க்கொண்டே இருந்தது. 1970-ல் ஹொசோகாவா புற்றுநோயோடு படுக்கையில் இருந்தபோதுதான் பூனை 400 பற்றி நீதிமன்றத்துக்குச் சாட்சி சொன்னார். எண்களை வைத்துக்கொண்டு பல வருடம் வாதாடலாம். ஒரு உயிரிடம் கேட்டால் சில வாரத்தில் பதில் வந்துவிடும். இதைச் செய்து காட்டியவர் அவர். அந்தப் பதிலைப் பதினொரு வருடம் பூட்டி வைத்திருந்தார்கள் என்பதுதான் கொடுமை.

ஆலை நிறுத்தினாலும் சேறு அங்கேயே இருந்தது. 1974-ல் விரிகுடாவின் வாயில், உள்ளிருக்கும் மீன் வெளியே போகாமல் வலை கட்டினார்கள். 1977-லிருந்து 1990 வரை அள்ளினார்கள். பத்து லட்சத்தில் 25 பங்குக்கு மேல் பாதரசம் உள்ள சேறு மட்டும் என்று ஒரு கோடு போட்டார்கள். அப்படியும் 15 லட்சம் கன மீட்டர் வந்தது. அதைக் கரையோரம் அடைத்து மூடி 58 ஹெக்டேர் புது நிலம் ஆக்கினார்கள். இன்று அங்கே பூங்கா இருக்கிறது. வலையை 1997-ல்தான் எடுத்தார்கள்.

இனிமேல் அமெரிக்காவுக்குப் போக வேண்டும். அங்கே கேள்வி வேறு விதமாக வந்தது. துறைமுகம் என்றால் ஆழம் வேண்டும், ஆழம் என்றால் ஓயாமல் தூர் வார வேண்டும். வாரிய சேற்றை நடுக்கடலிலோ ஏரியிலோ கொண்டுபோய்க் கொட்டுவது வழக்கம். நம் கூட்டத்தில் வந்த அதே கேள்விதான், அளவு மட்டும் பெரியது. 1971-ல் அவர்கள் ஒரு பட்டியல் போட்டார்கள். பத்து லட்சத்தில் பாதரசம் 1, ஈயம் 50, துத்தநாகம் 50, அதோடு எண்ணெய்ப் பசை போன்ற இன்னும் நான்கு. ஏதாவது ஒன்று தாண்டினால் அந்தச் சேறு கெட்டது, திறந்த நீரில் கொட்டக்கூடாது. படிக்க எளிதாக இருந்தது. ஆனால் உலகத்தின் சாதாரணக் களிப்பாறையிலேயே துத்தநாகம் சராசரியாகப் பத்து லட்சத்தில் 95 இருக்கிறது. ஒரு ஆலையையும் பார்த்திராத களிமண்கூட இந்தப் பரீட்சையில் தேறாது. மறுபக்கம், பட்டியலில் பெயர் இல்லாத விஷம் எவ்வளவு இருந்தாலும் சேறு தேறிவிடும்.

இதே 1971-ல் கேனன், பீட்டன் என்ற இருவர் பெரிய ஏரிகளின் துறைமுகங்களிலிருந்து எடுத்த சேற்றை வேறு விதமாகச் சோதித்தார்கள். அந்த ஏரிகளின் அடியில் ஆம்ஃபிபாட் என்ற உயிர் வாழ்கிறது. இறாலுக்குத் தூரத்து உறவு, அரிசிமணி அளவுதான் இருக்கும், பக்கவாட்டில் தட்டையானது. சேற்றில் புதைந்து வாழும், மீனுக்கு இரை ஆகும். அதைச் சேற்றில் விட்டு எத்தனை பிழைக்கிறது என்று எண்ணினார்கள். இன்னொன்றும் செய்தார்கள்: நல்ல சேறு, துறைமுகச் சேறு என்று பல சேறுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அதுவே எதைத் தேர்ந்தெடுக்கிறது என்று பார்த்தார்கள். எனக்கு இந்தச் சோதனையின் மேல் தனிப் பிரியம் உண்டு. பெண் பார்க்கப் போகிறவர்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்ப்பார்கள் என்று என் பாட்டி சொல்வாள், அந்த மாதிரி.

1972-ல் கடலில் கழிவு கொட்டுவதைப் பற்றி லண்டனில் ஒரு உடன்படிக்கை ஆயிற்று. பாதரசம், காட்மியம் போன்றவற்றைக் கொட்டவே கூடாது, 'சுவடு அளவு' கலந்திருந்தால் மட்டும் பரவாயில்லை என்றது அது. சுவடு அளவு என்றால் எவ்வளவு? எண் சொல்ல முடியாமல், உயிரை வைத்துச் சோதித்துப் பார் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். சட்டத்தின் ஒரு ஓட்டையில்தான் இந்த அறிவியல் நுழைந்தது என்று சொல்லலாம். முதலில் சேற்றைத் தண்ணீரில் கலக்கி, தெளிய வைத்து, தெளிந்த நீரில் உயிர்களை விட்டுப் பார்த்தார்கள். காப்பித் தூளை வடிகட்டிவிட்டு டிகாக்‌ஷனை மட்டும் சோதிப்பது போல. சேற்றில் புதைந்து வாழும் உயிருக்கு அதனால் என்ன நியாயம் கிடைக்கும்?

அந்த நியாயத்தைச் செய்தவர் ரிச்சர்ட் ஸ்வார்ட்ஸ். ஓரிகன் மாநிலத்தின் நியூபோர்ட்டில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் ஆய்வகத்தில் இருந்தார். அவரும் கூட்டாளிகளும் செய்த சோதனையை நம் அடுக்களைச் சாமானை வைத்தே விளக்கலாம். ஒரு லிட்டர் கண்ணாடிப் பாத்திரம். அடியில் இரண்டு சென்டிமீட்டர் சேறு. மேலே சுத்தமான கடல்நீர். காற்றுக் குமிழி விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதில் பசிபிக் கரை மணலில் வாழும் ஒரு வகை ஆம்ஃபிபாட் இருபது. பத்து நாள் கழித்துச் சேற்றைச் சலித்து உயிரோடு இருப்பதை எண்ண வேண்டும். ஒரே சேற்றுக்கு ஐந்து பாத்திரம். பக்கத்திலேயே, அந்த ஆம்ஃபிபாட் பிறந்து வளர்ந்த சுத்தமான மணலில் ஐந்து பாத்திரம். சுத்தமான மணலில் நூற்றுக்குத் தொண்ணூறாவது பிழைக்காவிட்டால் அன்றைய சோதனையையே குப்பையில் போட வேண்டும், சேற்றின் மேல் பழி போடக்கூடாது. வாத்தியாராக இருந்தவனுக்கு இந்த விதி மிகவும் பிடிக்கும். வகுப்பே தேறவில்லை என்றால் முதலில் கேள்வித்தாளைப் பார்க்க வேண்டும் அல்லவா.

வாஷிங்டன் மாநிலத்தின் டகோமா நகரத்தை ஒட்டிய கமென்ஸ்மென்ட் விரிகுடாவில், செம்பு உருக்காலையும் ரசாயனத் தொழிற்சாலைகளும் சூழ்ந்த கால்வாய்களில் எடுத்த சேற்றை இப்படிச் சோதித்து 1982-ல் வெளியிட்டார்கள். ஆய்வகப் பாத்திரத்தில் எந்தச் சேறு ஆம்ஃபிபாட்டைக் கொன்றதோ, அந்தச் சேறு எடுத்த இடத்தில் கடலடியிலும் ஆம்ஃபிபாட் குறைவாக இருந்தது. கண்ணாடிப் பாத்திரம் சொன்னதைக் கடலே ஒப்புக்கொண்டது. 1985-ல் எட்வர்ட் லாங், பீட்டர் சாப்மன் என்ற இருவர் இதை மூன்று கால் முக்காலியாக்கினார்கள். சேற்றில் என்னென்ன இருக்கிறது, அதில் விட்ட உயிர் பிழைக்கிறதா, எடுத்த இடத்தில் இயல்பாக எந்த உயிர்கள் வாழ்கின்றன. மூன்றும் ஒரே பக்கம் கை காட்டினால்தான் சேறு கெட்டது என்று உறுதியாகச் சொல்லலாம்.

ஏன் மூன்று வேண்டும்? இங்கேதான் அந்த அழுகிய முட்டை நாற்றம் வருகிறது. காற்றில்லாத கருஞ்சேற்றில் கந்தகம் சல்ஃபைடாக இருக்கும். காட்மியம், ஈயம், துத்தநாகம் எல்லாம் அதோடு இறுகச் சேர்ந்து கரையாமல் கிடக்கும். டொமினிக் டி டோரோவும் மற்றவர்களும் 1990-ல் காட்மியத்தை வைத்து இதைக் காட்டினார்கள். சல்ஃபைடு போதுமான அளவு இருக்கும் வரை, ஆய்வகச் சீட்டில் காட்மியம் எவ்வளவு பெரிய எண்ணாக இருந்தாலும் ஆம்ஃபிபாட் சாவதில்லை. சல்ஃபைடு தீர்ந்தால் சாகிறது. அதாவது ஒரே எண், ஒரு சேற்றில் உறங்குகிறது, இன்னொன்றில் கொல்கிறது. அதைவிட முக்கியம், உறங்குகிற சேற்றை வாரிக் காற்றில் போட்டால் சல்ஃபைடு கெட்டு உலோகம் மறுபடி அவிழ்ந்துகொள்ளும். தூர் வாருவது என்றாலே புண்ணியம் என்று நினைக்கும் நமக்கு இது கொஞ்சம் கசப்பான செய்திதான்.

பட்டியலில் பெயரே இல்லாத விஷத்துக்கும் ஒரு உதாரணம் உண்டு. கப்பலின் அடிப்பாகத்தில் பாசியும் சிப்பியும் ஒட்டாமலிருக்க அறுபதுகளிலிருந்து ட்ரைபியூட்டைல்டின் என்ற வெள்ளீயச் சேர்மம் கலந்த பெயிண்ட் அடித்தார்கள். எழுபதுகளின் கடைசியில் பிரான்சின் ஆர்க்காஷோன் விரிகுடாவில் ஆளிச் சிப்பிகளின் ஓடு கோணிக்கொண்டது, குஞ்சு பிடிக்கவில்லை. வேறு கரைகளில் பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைத்தது. அந்த நாளில் எந்தத் துறைமுகப் பட்டியலிலும் இதற்கு எல்லை கிடையாது. முதலில் சொன்னது நத்தையும் சிப்பியும்தான். பிரான்ஸ் 1982-ல் சிறு படகுகளுக்குத் தடை போட்டது. உலக அளவில் 2001-ல் உடன்படிக்கை ஆகி 2008-ல் நடைமுறைக்கு வந்தது. பெயிண்ட் நின்றாலும் துறைமுகச் சேற்றில் அது மெல்ல மெல்லத்தான் சிதைகிறது.

1995-ல் லாங்கும் மூவரும் அதுவரை நடந்த நூற்றுக்கணக்கான சோதனைகளைத் தொகுத்து, ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு எண்கள் போட்டார்கள். கீழ் எண்ணுக்குக் கீழே இருந்தால் கெடுதல் அரிது. மேல் எண்ணுக்கு மேலே போனால் கெடுதல் அடிக்கடி. பாதரசத்துக்குப் பத்து லட்சத்தில் 0.15, 0.71. ஈயத்துக்கு 46.7, 218. மினமாட்டாவில் அள்ளுவதற்குப் போட்ட கோடு 25 என்று மேலே எழுதியிருந்தேன், ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் வேறு வேறு கேள்விக்கான எண்கள் என்பது உண்மைதான். இருந்தாலும் அந்த இடைவெளி மனதை உறுத்துகிறது.

இப்போது நம் கடற்கரைக்கு வருவோம். தமிழ்நாட்டில் சேற்றைப் பற்றிய வழக்கு எது என்றால் எண்ணூர்தான். கொசஸ்தலை ஆறும் பக்கிங்காம் கால்வாயும் சேர்ந்து கடலைத் தொடும் கழிமுகம். 1969-ல் மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, 1970-ல் எண்ணூர் அனல்மின் நிலையம், பிறகு வடசென்னை அனல்மின் நிலையம், 2001-ல் புதுத் துறைமுகம் என்று ஒவ்வொன்றாக அதைச் சுற்றி உட்கார்ந்தன. நிலக்கரிச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே சாம்பல் குட்டைக்கு அனுப்புவார்கள். குழாய் உடைந்து வருடக்கணக்கில் ஆற்றில் ஒழுகியது. சாம்பல் பார்க்க முகப்பவுடர் போல இருக்கும், அதில் ஆர்சனிக்கும் குரோமியமும் ஈயமும் சிறிது சிறிதாக இருக்கும். அந்தப் பக்கம் இருளர் பெண்கள் பனையோலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, இடுப்பளவு நீரில் உட்கார்ந்து சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பார்கள். சாம்பல் படிந்த இடத்தில் இறால் இல்லை, கை அரிக்கிறது என்று அவர்கள் சொல்லி எவ்வளவோ காலமாயிற்று. லாங்கும் சாப்மனும் சொன்ன மூன்றாவது கால் அதுதான். இவர்களுக்கு அது படிப்பு இல்லை, சோறு.

2017 ஜனவரி 28-ல் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. வாளியால் மொண்டு எடுத்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். 2022-ல் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு எண்ணூர்ச் சாம்பல் வழக்கில் கழிமுகத்தை மீட்கச் சொன்னது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் வந்து மறுபடி கழிமுகத்தில் படர்ந்தது. மிதந்த எண்ணெயை அள்ளினார்கள். அலையாத்தி வேரிலும் சேற்றிலும் இறங்கியதை அப்படி அள்ள முடியாது.

மீட்பது என்றால் சாம்பலையும் சேற்றையும் வார வேண்டும். எதுவரை வாருவது, எங்கே கொட்டுவது? இங்கேதான் நமக்குக் கையில் அளவுகோல் இல்லை. நம் நாட்டில் கடலோர நீருக்கு ஐந்து வகுப்பு பிரித்துத் தரம் போட்டிருக்கிறார்கள். குளிக்க எந்தத் தரம், துறைமுகத்துக்கு எந்தத் தரம் என்று இருக்கும். எல்லாம் நீரைப் பற்றியது, அதில் சேற்றுக்கு என்று ஒரு பத்தி இல்லை. அதனால் எண்ணூர்ச் சேற்றையும் கடலூர் உப்பனாற்றுச் சேற்றையும் ஆராய்கிறவர்கள் பெரும்பாலும் லாங்கின் எண்களையோ கனடாக்காரர்களின் எண்களையோ கடன் வாங்கி ஒப்பிடுகிறார்கள். அந்த எண்கள் குளிர்ந்த கடலின் உயிர்களிடம் கேட்டு வாங்கியவை. நம் கழிமுகத்தில் கோடையில் தண்ணீர் 30 டிகிரிக்குப் போகும், மழைக்காலத்தில் உப்பே இல்லாமல் போகும். ஓரிகன் ஆம்ஃபிபாட்டைக் கொண்டுவந்து வெள்ளாற்றில் விட்டால் சுத்தமான சேற்றிலேயே செத்துவிடும். நம் ஊர் உயிரிடம்தான் கேட்க வேண்டும். சென்னைப் பள்ளிக்கரணையில் 1998-ல் தொடங்கிய மத்திய அரசின் கடலோர ஆய்வு இயக்ககம், இன்றைய தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம், நம் கடல் உயிர்களை வைத்தே உலோகங்களின் நச்சு அளவைக் கணக்கிடும் வேலையைச் செய்திருக்கிறது. அதில் பெரும்பகுதி நீரைப் பற்றியது. சேற்றுக்கும் அப்படி வந்தால்தான் எண்ணூரில் கோடு போட முடியும்.

மூன்றாவது காலிலும் ஒரு சிக்கல் உண்டு. எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் சில வருடங்களாகக் 'காக்கா ஆழி' என்று மீனவர்கள் சொல்லும் வெளிநாட்டு மட்டி, கப்பல்களோடு வந்து, அடித்தரையை ஜமுக்காளம் விரித்தது போல மூடுகிறது. அதற்குக் கீழே இறாலுக்கும் இடமில்லை, நம் ஊர் மட்டிக்கும் இடமில்லை. அப்படிப்பட்ட இடத்தில் உயிர் குறைந்திருக்கிறது என்று எண்ணிச் சொன்னால், அது விஷத்தாலா, இந்த விருந்தாளியாலா? தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான். அதனால்தான் கண்ணாடிப் பாத்திரமும் வேண்டும், ரசாயனச் சீட்டும் வேண்டும்.

சரி, நம் இரண்டு டிப்பர் சேற்றுக்கு வருகிறேன். ஆம்ஃபிபாட் சோதனை நமக்குக் கட்டுப்படியாகாது, தேவையும் இல்லை. மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்தால் உரச்சத்தும் உப்பும் சொல்வார்கள், ஈயமும் எண்ணெயும் அவர்கள் வேலை இல்லை. ஆனால் கேனனும் பீட்டனும் செய்த தேர்ந்தெடுக்கும் சோதனைக்கு நிலத்தில் ஒரு தம்பி உண்டு. மண்புழுவை வைத்துச் செய்வது, உலகத் தர நிர்ணய அமைப்பே அதற்கு முறை எழுதியிருக்கிறது. ஒரு பிளாஸ்டிக் தொட்டியின் நடுவில் அட்டை வைத்து, ஒரு பாதியில் நல்ல தோட்ட மண், மறுபாதியில் சோதிக்க வேண்டிய சேறு, ஈரம் இரண்டிலும் ஒரே அளவு. அட்டையை எடுத்துவிட்டு நடுக்கோட்டில் பத்து மண்புழு. 48 மணி நேரம் கழித்து அட்டையை மறுபடி செருகி இரண்டு பக்கமும் எண்ண வேண்டும்.

மண்புழு உரம் போடும் ஒருவரிடம் வாங்கி வந்து வீட்டுப் பால்கனியில் செய்தேன். வீட்டம்மாவின் அபிப்பிராயத்தை இங்கே எழுதவில்லை. வாய்க்காலின் இரண்டு இடத்துச் சேறு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு தொட்டி. ஏ பிளாக்குக்குப் பின்னால் எடுத்த சேற்றில், இருபது புழுவில் ஒன்பது சேற்றுப் பக்கமே இருந்தன. ஜெனரேட்டர் அறைக்கும் கார் கழுவும் இடத்துக்கும் கீழே எடுத்த சேற்றில் இருபதில் இரண்டு. மீதிப் பதினெட்டும் தோட்ட மண்ணுக்குப் போய்விட்டன. இரண்டு பக்கமும் தோட்ட மண்ணே போட்ட தொட்டி ஒன்றும் வைத்திருந்தேன், அதில் ஆறும் நான்குமாகப் பிரிந்திருந்தன.

ஏன் ஓடின என்று புழு சொல்லாது. டீசலாக இருக்கலாம், சோப்புத் தண்ணீராக இருக்கலாம், உப்பாகவும் இருக்கலாம். செயலாளரிடம் சொல்லி முதல் குவியலைத் தென்னைக்குப் போட்டாயிற்று. இரண்டாவது குவியல் ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் நீல தார்ப்பாயின் கீழ் இருக்கிறது, மழையில் கரைந்து மறுபடி வாய்க்காலில் இறங்காதபடி சுற்றிலும் செங்கல் அடுக்கியிருக்கிறது. அதை எங்கே அனுப்புவது, கார் கழுவும் தண்ணீருக்கு எண்ணெய் பிரிக்கும் தொட்டி கட்ட எவ்வளவு ஆகும் என்ற இரண்டும் ஐப்பசிக் கூட்டத்தின் பொருளில் இருக்கின்றன. தொட்டிகளைப் பார்க்க விரும்பும் பிள்ளைகள் சனிக்கிழமை மாலை வரலாம், புழுக்கள் இன்னும் உயிரோடுதான் இருக்கின்றன.